குறைந்தபட்ச நீளம்

மஹேபூர் மீன் இறங்குதுறையில்
என் வேலை நீளம் பார்ப்பது.
பலகை ஒன்று, பித்தளை முனை ஒன்று,
ஈரத்திலும் எழுதும் பென்சில் ஒன்று.
பத்தொன்பது வருடம்.
மூக்கை முனையில் முட்டவைத்து
வாலை விரித்துப் படிப்பேன்.
கோட்டைத் தாண்டினால் தராசுக்கு.
தாண்டாவிட்டால் அபராதம்,
அதற்கு முன் கொஞ்சம் கிரியோலில் வசவு.

மார்ச் பிறந்து பெரிய வலைக்குத் தடை நீங்கிய
முதல் காலை.
ரொலான் சின்னப்பேன் படகிலிருந்து
கூடை கூடையாகக் கப்பித்தேன்,
எல்லாம் கோட்டைத் தொட்டும் தொடாமலும்.
ஒன்றை எடுத்தேன்: அரை விரல் குறைவு.
குட்டி என்றேன்.
குட்டியா என்று
கத்தியால் வயிற்றைத் திறந்தான்.
இரண்டு மடல் சினை,
மஞ்சளாய், முற்றி,
நாளைக்கே சிந்திவிடும் போல.
"மிஸ் அப்பாவூ, இது அம்மா."

வேலைக்குச் சேர்ந்த வருடத்து நோட்டில்
இந்த நீளத்துக்கு நேரே
'சினை இல்லை' என்று என் கையெழுத்து.
பக்கம் பக்கமாக இல்லை, இல்லை, இல்லை.
பிறகு ஏதோ ஒரு புயல் மாதத்தில்
'உண்டு' என்று ஒன்று.
பிழையாக இருக்கும் என்று
பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

பவளத்திட்டுக்கு வெளியே இருக்கும் பற்கள்
சிறியதைத் தேடும்.
சீலாவின் வாய்க்குச் சின்னதுதான் அடங்கும்;
அங்கே பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டு
மளமளவென்று வளர்ந்தவள் பிழைத்தாள்.
கரையிலிருந்து போகும் பல்
பெரியதாகப் பார்த்துக் கடிக்கும்.
சதுரம் சதுரமாய் நைலான் பல்.
சின்னது கண்ணி வழியே நழுவும்.
அந்த நழுவலுக்கும் அடுத்த வலைக்கும் நடுவே
அவசரக்காரி முட்டையிட்டாள்.
பொறுத்திருந்து பருத்தவள்
தராசுக்கு வந்தாள், தன் பொறுமையோடு.

யாரும் சொல்லித்தரவில்லை.
மீன் சட்டம் படிக்காது.
காத்திருந்தவளுக்குப் பேத்தி இல்லை, அவ்வளவுதான்.
வளர வைத்திருந்த கொழுப்பை
முன்கூட்டியே சினைக்குக் கொடுத்தவளின் மகள்கள்
இதோ இந்தக் கூடையில்,
ஒல்லியாக,
என் கோட்டுக்கு அரை விரல் இந்தப் பக்கம்.

என் கோட்டுக்கு.
அந்தச் சொல்லில் கை நின்றது.
காப்பாற்றவென்று கொடுத்த பலகை.
அதற்கும் பல் இருக்கிறது.
பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில் கடித்திருக்கிறேன்,
ஒரு மில்லிமீட்டர் பிசகாமல்.
புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை.
அதை இவற்றிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பத்து மணிக்குக் கிளான்சி தூண்டிலில் ஒன்று கொண்டுவந்தான்.
பலகை போதவில்லை.
வால் வெளியே தொங்கியது, கிழிந்த கொடி மாதிரி.
ஹோட்டல் வேன் ஹாரன் அடித்தது.
வயிற்றைத் திறந்தபோது
கூடை முழுக்க இருந்த சினை
இவள் ஒருத்திக்குள்.
முட்டையும் பெரிது, கடுகு கடுகாய்,
விரலில் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

இவளை விட்டிருக்கலாம், என்றேன்.
மேலேயும் ஒரு கோடா, என்று சிரித்தான்.
அப்புறம் நாங்கள் பிடிப்பது
நடுவில் இருப்பதை மட்டுமா?
ஆமாம், என்றேன்.
அவன் சிரிப்பை நிறுத்தவில்லை.
வேன் போயிற்று.
சினையைப் பூனைகள் தின்றன.

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதி அனுப்பினேன்:
பெரியவளையும் விடவேண்டும்.
மூன்று வாரம் கழித்துப் பதில்.
'குறைந்தபட்சம்' என்று தலைப்புள்ள படிவத்தில்
அதற்கு இடமில்லையாம்.

அன்று சாயங்காலம் ஆணியால்
பலகையின் மறுமுனையில்
ஒரு கோடு கீறினேன். கோணலாக வந்தது.
லயன் மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
மறுநாள் பார்த்தால்
கீறலில் செதில் காய்ந்து அடைத்திருந்தது.
நகத்தால் சுரண்டிவிட்டு
முதல் மீனை வைத்தேன்.
இரண்டு கோட்டுக்கும் வெகு கீழே,
வயிறு நிறைந்து.